ஹாங்காங்கில் தனியாக ஒரு நாள்: படகு, டிராம், மலை, மறுபடி படகு

ஹாங்காங்கில் நிறைய பேருக்குக் கையில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள்தான். அலுவலக வேலையாக வந்து ஒரு நாள் மிச்சமானவர், வேறு ஊருக்குப் போகும் வழியில் இறங்கியவர், உடன் வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதால் தனியாகக் கிளம்பியவர் (நான் மூன்றாவது ரகம்). அந்த ஒரு நாளுக்குள் டிஸ்னிலேண்ட், லாந்தாவ் தீவின் பெரிய புத்தர், மோங் கோக் கடைத்தெரு எல்லாவற்றையும் திணித்தால் பாதி நாள் சுரங்க ரயிலிலேயே போய்விடும். என் பேச்சைக் கேட்பதென்றால் அதையெல்லாம் அடுத்த முறைக்கு வையுங்கள். இது துறைமுக ஊர். பெயருக்கே 'மணக்கும் துறைமுகம்' என்றுதான் பொருள். நாள் முழுக்க அந்தத் தண்ணீரையே சுற்றுங்கள். காலையில் அதன்மேல் படகில், மதியம் கரையை ஒட்டி டிராமில், சாயங்காலம் மலைமேலிருந்து, இரவில் எதிர்க்கரையிலிருந்து. இதில் வேகமாகப் போகிற வண்டி எதுவும் கிடையாது, செலவும் சொற்பம்.

தங்குவது துறைமுகத்தின் வடகரையான கௌலூன் பக்கம், சிம் ஷா சுய் வட்டாரத்தில் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் அதை டிஎஸ்டி என்றுதான் சொல்வார்கள்.

கிளம்பும் முன்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் சும்மா போய் இறங்கவும் முடியாது. 2017 ஜனவரியிலிருந்து, வருகைக்கு முந்தைய பதிவு என்ற ஒன்றை ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் செய்தாக வேண்டும். கட்டணம் கிடையாது. விவரங்களை நிரப்பினால் பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும், அந்தத் தாளை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துப் பழகிய நமக்கு அந்தப் படிவத்தின் குடும்பப்பெயர் கட்டம்தான் தலைவலி: உங்கள் வழக்கம் எதுவாக இருந்தாலும் சரி, பாஸ்போர்ட்டில் எந்த வரியில் எது அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்து பிசகாமல் அப்படியே நிரப்புங்கள். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்த வேலை இல்லை. இலங்கை பாஸ்போர்ட் என்றால் முறைப்படி விசா எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

விமான நிலையத்தில் முத்திரை குத்த மாட்டார்கள். அதற்குப் பதிலாக ரசீது மாதிரி ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள், எத்தனை நாள் தங்கலாம் என்று அதில்தான் இருக்கும். பஸ் டிக்கெட் என்று நினைத்துக் கசக்கிப் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

பணம். ஒரு ஹாங்காங் டாலர் நம் ரூபாயில் பத்துக்கு மேல் வரும். மொத்தத்தையும் விமான நிலையத்தில் மாற்ற வேண்டாம், அங்கே விகிதம் கொள்ளை, கைச்செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் முதல் முறை வருபவர்களைப் பயமுறுத்தும் ஒரு விஷயம்: நூறு டாலர் நோட்டு ஒன்று ஒரு படத்தோடு இருக்கும், இன்னொன்று வேறு படத்தோடு இருக்கும். கள்ள நோட்டு இல்லை. இங்கே நோட்டு அடிப்பவை மூன்று வங்கிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம். ஊதா நிறப் பத்து டாலர் நோட்டை மட்டும் அரசாங்கமே வெளியிடுகிறது.

இறங்கியவுடன் வாங்க வேண்டியது ஆக்டோபஸ் அட்டை. 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ரயில், பஸ், படகு, டிராம், தெருமுனைக் கடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் அதை ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. வழக்கமான அட்டைக்கு 50 டாலர் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுக்கும்போது அது வந்துவிடும், சீக்கிரமே திருப்பிக் கொடுத்தால் அதில் ஒரு சிறு தொகையைக் கழிப்பார்கள். ஒரு நாளுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். டிராமில் சில்லறை பாக்கி தர மாட்டார்கள் என்பது தெரியாமல் பெட்டிக்குள் இருபது டாலர் நோட்டைப் போட்டுவிட்டு ஓட்டுநர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன்.

மற்றவை சுருக்கமாக: இங்கே பிளக் பெரிய சதுர மூன்று முனை, இங்கிலாந்து மாதிரி, நம் சார்ஜர் நுழையாது. அதிகம் தேய்ந்த செருப்பு வேண்டாம், படியும் சரிவும் ஏராளம். கோடையிலும்கூட ஒரு மெல்லிய மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸிலும் மால்களிலும் ஏசி எலும்பைக் குடையும். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

வானிலை

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வந்தால் யோகம், வெயில் இதம், மலைமேல் பார்வை தெளிவு. மார்ச், ஏப்ரலில் மூடுபனி. கோடையில் வேர்த்துக் கொட்டும், புயல் பருவமும் அதுதான். ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு முறை பாருங்கள். நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, இங்கேயும் அதே மாதிரி எண் சொல்வார்கள், ஆனால் அவர்கள் கணக்கு வேறு: 1, 3, 8, 9, 10 மட்டும்தான். 1 என்றால் ஊர் வழக்கம்போல நடக்கும். 3 என்றால் காற்று பலக்கும், மலை வேண்டாம். 8 ஏறிவிட்டால் படகு நிற்கும், கடைகள் அடைக்கப்படும், எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள். நீங்களும் அறைக்குப் போய்விடுங்கள், சாப்பிட ஏதாவது முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு.

காலை எட்டு மணி: படகு

டிஎஸ்டி கரைக்கு நடந்து வாருங்கள். செங்கல் நிறத்தில் ஒரு மணிக்கூண்டு தனியாக நிற்கும், 44 மீட்டர் உயரம். 1915இல் கட்டியது. இங்கே ஒரு பெரிய ரயில் நிலையம் இருந்தது, அதை இடித்துவிட்டார்கள், கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஸ்டார் ஃபெர்ரி துறை.

அவசரப்பட்டு ஏறாதீர்கள், முதலில் ஒரு படகு வந்து கட்டுவதைக் கரையில் நின்று பாருங்கள். கீழே கரும்பச்சை, மேலே வெள்ளை. நீலச் சட்டை போட்ட ஒருவர், பெரும்பாலும் வயதானவர், நீண்ட கொக்கிக் கழியோடு விளிம்பில் நிற்பார். படகு தடுப்புக் கட்டைகளில் உரசி முனகும்போது கயிறு பறக்கும், அவர் அதைக் கழியால் வாங்கி முளையில் மாட்டுவார், இறங்குபலகை தடாலென்று விழும், அலுவலகக் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கி ஓடும். இதை அவர் ஒரு நாளில் எத்தனை தடவை செய்கிறாரோ.

மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு உண்டு. எதில் ஏறினாலும் ஏழு டாலருக்குள்தான், வார இறுதியில் கொஞ்சம் கூடுதல். எல்லோரும் மேல்தளம்தான் சொல்வார்கள். காலையில் நான் கீழ்த்தளம் சொல்வேன். அங்கே தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, டீசல் வாசனையும் இஞ்சின் அதிர்வும் காலில் ஏறும், உடன் வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள். மர இருக்கையின் சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளினால் அது டக்கென்று எதிர்ப்பக்கம் சாயும். படகு திரும்பாமலே போய் வருவதால் பயணிகள் திரும்பிக்கொள்ள இந்த ஏற்பாடு. வலது பக்கம் உட்கார்ந்தால் ஐஎஃப்சி என்ற உயர்ந்த அலுவலகக் கோபுரமும் அதைத் தாண்டி மேற்கே கப்பல்களும். இடது பக்கம் வான் சாய் மாநாட்டு மண்டபம், பறவை இறக்கை விரித்த மாதிரி கூரையோடு. பத்து நிமிடத்தில் அக்கரை.

இந்தப் படகு கம்பெனியை 1888இல் தொடங்கியவர் நம் நாட்டிலிருந்து போன பார்சிக்காரர், டோராப்ஜி நௌரோஜி மித்தாய்வாலா. படகுகளுக்கெல்லாம் நட்சத்திரப் பெயர். 1966இல் முதல் வகுப்புக் கட்டணத்தில் ஐந்து காசு ஏற்றியதற்கு ஊரே கொதித்துக் கலவரமாகிவிட்டது. இப்போதும் கட்டணம் இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்க்கும்போது அந்த ஐந்து காசு நினைவுக்கு வராமல் இருக்காது.

பத்து மணி வரை சாப்பாட்டுக் கடை

இறங்கும் இடம் ஹாங்காங் தீவின் சென்ட்ரல் வட்டாரம், ஏழாம் எண் துறை. அங்கிருந்து மேம்பாலத்தில் ஏறி ஐஎஃப்சி மாலுக்குள் நுழைந்து வெளியே வந்து, அப்படியே மேம்பாலம் மேம்பாலமாகப் போனால் தரையில் கால் வைக்காமலே பழைய சென்ட்ரல் மார்க்கெட் கட்டடம் வரை வந்துவிடலாம். அங்கிருந்துதான் மலைச்சரிவில் ஏறும் நகரும் படிகள் தொடங்குகின்றன. மொத்தம் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம், 1993இல் போட்டது. ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது: காலை 6 மணியிலிருந்து 10 வரை அது கீழ்நோக்கித்தான் ஓடும், மேலே குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்குவதற்காக. 10 மணிக்கு மேல்தான் திசை மாறி ஏறும். ஒன்பதரைக்குப் போய் நின்றால் பக்கத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏற வேண்டியதுதான்.

அதனால் பத்து மணி வரை டீ குடியுங்கள். சா சான் தெங் என்ற வகைக் கடைகளைத் தேடுங்கள், நம் ஊர் டீக்கடையும் மிலிட்டரி ஓட்டலும் கலந்த மாதிரி இருக்கும். பால் டீ கடுங்காட்டமாக இருக்கும், டின் பாலில் போடுவது, துணிப்பையில் வடிகட்டுவது. காலுறை டீ என்று பட்டப்பெயரே உண்டு, பை நிறம் அப்படி. அதோடு அன்னாசி பன். அன்னாசி ஒரு துளிகூட இருக்காது, மேல் ஓடு வெடித்திருப்பதைப் பார்த்து வைத்த பெயர். சூடான பன்னை நடுவில் கீறி ஒரு தடித்த வெண்ணெய்த் துண்டைச் சொருகித் தருவார்கள், அது உருகுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

தனியாகப் போனால் உங்களுக்கென்று தனி மேசை கிடைக்காது. யாரோ இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையில் காலியாக இருக்கும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, அங்கே அதுதான் வழக்கம், எதிரில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆர்டர் எடுப்பவர் சிடுசிடுவென்று இருந்தால் அதையும் மனதில் வைக்க வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: 'ம்-கோய்'. நன்றிக்கும் அதுதான், கொஞ்சம் வழி விடுங்கள் என்பதற்கும் அதுதான், சர்வரைக் கூப்பிடவும் அதுதான்.

சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'வெஜிடபிள்' என்று சொன்னால் காய்கறி இருக்க வேண்டும் என்றுதான் புரிந்துகொள்வார்கள், கறி இருக்கக் கூடாது என்று புரிந்துகொள்ள மாட்டார்கள். ஒரு கடையில் நான் கேட்டு வாங்கிய காய்கறி நூடுல்ஸில் கீரைக்கு அடியில் பன்றிக்கறித் துணுக்குகள் இருந்தன, சர்வருக்கு என் முகம் ஏன் மாறியது என்று விளங்கவே இல்லை. வெறும் கீரை வதக்கல் கேட்டால்கூட மேலே சிப்பிச் சாறு ஊற்றித்தான் வரும். 'ஙோ சிக் சாய்' என்று சொல்லுங்கள், பௌத்தச் சைவம் சாப்பிடுபவன் என்று அர்த்தம், சட்டென்று பிடிபடும். சீன எழுத்தில் அதைச் செல்போனில் சேமித்துக் காட்டினால் இன்னும் உத்தமம். பன், முட்டை டார்ட் வகைகளிலும் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, கண்டிப்பானவர்கள் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறை, கோயில், லஸ்கர் தெரு

நகரும் படியில் ஏறி ஹாலிவுட் ரோடு வந்ததும் இறங்கிக்கொள்ளுங்கள். சினிமா ஹாலிவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இந்தத் தெரு அதைவிடப் பழையது. இறங்கிய இடத்திலேயே தாய் குவுன். பழைய போலீஸ் நிலையமும் நீதிமன்றமும் விக்டோரியா சிறையும் சேர்ந்த வளாகம், பழுதுபார்த்து 2018இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அனுமதி இலவசம். ஒரு சிறை அறைக்குள் போய் நின்று பாருங்கள், கையை விரித்தால் சுவர். வியட்நாம் தலைவர் ஹோ சி மின் 1931இல் பிடிபட்டு இந்தச் சிறையில்தான் இருந்தார். நல்ல கழிவறை, குடிதண்ணீர் இரண்டும் இங்கே உண்டு, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மேற்கே பத்து நிமிட நடை, மான் மோ கோயில். 1847 வாக்கில் எழுந்தது. 'மான்' என்பவர் படிப்புக்கான தெய்வம், கையில் எழுதுகோல். 'மோ' வீரத்துக்கு, கையில் வாள். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள், இதில் நமக்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. ஆச்சரியம் தலைக்கு மேலே. கூரை முழுக்கக் கூம்பு மாதிரி தொங்கும் ஊதுபத்திச் சுருள்கள், ஒவ்வொன்றும் ஆள் அகலம், ஒவ்வொன்றிலும் வேண்டிக்கொண்டவர் பெயர் எழுதிய சிவப்புச் சீட்டு. மேலிருந்து வெளிச்சம் புகையில் பட்டுத் தூண் தூணாக இறங்கும். நேர் கீழே நின்று அண்ணாந்து போட்டோ எடுக்காதீர்கள், சாம்பல் முகத்தில் விழும். கும்பிடுபவர்களை நெருக்கத்தில் எடுப்பதும் வேண்டாம்.

கோயிலை ஒட்டிய படிக்கட்டுத் தெருவில் இறங்கினால் அப்பர் லஸ்கர் ரோ. பழைய நாணயம், கிண்ணம், மாவோ படம் போட்ட கடிகாரம் விற்கும் சந்து. பழசு என்று சொல்வதில் பெரும்பாலானவை பழசு இல்லை, விலையை அதற்கேற்பப் பேசுங்கள். நான் அங்கே பத்து நிமிடம் கூடுதலாக நின்றது கடைகளுக்காக இல்லை, தெருப்பலகைக்காக. லஸ்கர் என்றால் ஆங்கிலேயர் கப்பல்களில் வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமிகள். அவர்கள் தங்கிய தெரு என்பதால் அந்தப் பெயர்.

டிராம்

கீழே தெ வூ ரோட்டுக்கு இறங்குங்கள். வெஸ்டர்ன் மார்க்கெட் என்ற 1906ஆம் வருடத்துச் செங்கல் கட்டடத்தின் அருகே டிராம் நிறுத்தம். 1904 முதல் ஓடுகிறது, எல்லாம் இரண்டு அடுக்கு வண்டி, மணிச் சத்தத்தை வைத்து 'டிங் டிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், நாலு டாலருக்குள். பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போது அட்டையைத் தட்ட வேண்டும்.

நெற்றியில் 'நார்த் பாயின்ட்' என்று போட்ட வண்டிக்காகக் காத்திருங்கள். மாடி முன் இருக்கை காலியாக இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள், சில நிமிடத்தில் வரும். தனியாக வந்ததன் லாபம் இங்கேதான், அந்த ஒற்றை இடம் உங்களுக்கு எளிதில் கிடைக்கும், குடும்பமாக வந்தவர்கள் பிரிந்து உட்கார மனசில்லாமல் பின்னால் போய்விடுவார்கள். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்துக்கு முன்னால் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், ஒன்று வாய் திறந்து, ஒன்று மூடி, இரண்டாம் உலகப் போரில் பட்ட சில்லுத் தழும்புகளோடு. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அந்தக் கட்டடத்தின் அடியிலும் சுற்றிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, உட்கார வேறு இடமில்லை. சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு, முடி வெட்டிக்கொண்டு, ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் காட்சிப்பொருள் மாதிரி மேலிருந்து படம் எடுக்காமல் விட்டால் நல்லது.

வான் சாய், காஸ்வே பே, விக்டோரியா பூங்கா எல்லாம் தாண்டி முக்கால் மணி நேரம் போல ஆகும். தூக்கம் வந்தாலும் கடைசி ஐந்து நிமிடம் விழித்திருங்கள், இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான். டிராம் வலிக்காமல் திரும்பி சுன் யோங் தெரு என்ற மீன், காய்கறிச் சந்தைக்குள் நுழையும். இரு பக்கமும் கடை, நடுவில் தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் ஜனங்கள். டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊரும், காய்ப்பை தூக்கிய பாட்டிகள் கடைசி நொடியில் அரை அடி விலகுவார்கள், மாடியிலிருந்து நீங்கள் பார்த்தால் ஆரஞ்சுப் பழக் குவியலும் சிவப்பு விளக்குக் கூடுகளும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். ஒருவர் மேலும் இடிக்கவில்லை. எனக்குத்தான் கால் தானாகப் பிரேக் தேடியது. இறங்கி சந்தையிலேயே பழம் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் மதியச் சாப்பாட்டை முடியுங்கள்.

மூன்று மணி: மலை

நார்த் பாயின்ட்டிலிருந்து எம்டிஆர் என்ற சுரங்க ரயிலில் சென்ட்ரல் திரும்புங்கள். ரயிலுக்குள் சாப்பிடுவதும் குடிப்பதும் தடை, வாங்கிய பழத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

விக்டோரியா பீக் போக இரண்டு வழி. 1888 முதல் ஓடும் பீக் டிராம் (தெரு டிராம் இல்லை, கம்பி வடம் இழுத்து மலையேற்றும் வண்டி), அல்லது 15ஆம் எண் பஸ். முதல் முறை நான் சனிக்கிழமை சாயங்காலம் டிராம் வரிசையில் போய் நின்றேன், மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி ஊரையே விழுங்கியிருந்தது, கைப்பிடிக் கம்பி மட்டும் தெரிந்தது. இப்போது என் கணக்கு இதுதான்: கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது மலை உச்சி தெரியவில்லை என்றால் போகவே வேண்டாம், மேலிருந்து மட்டும் எப்படித் தெரியும். தெரிந்தால், போகும்போது பஸ். மாடியில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு காட்சி மாறும், கட்டணம் டிராமில் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். டிராமிலும் ஒரு முறை போகத்தான் வேண்டும் என்றால் கூட்டம் குறைந்த வார நாளில், இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 பாகைக்கும் மேல் சரிவு வரும் இடத்தில் வெளியே கட்டடங்களெல்லாம் சாய்ந்து நிற்பது போலத் தோன்றும். அந்தக் காலத்தில் அதன் முன் இருக்கை ஆங்கிலேயக் கவர்னருக்கு ஒதுக்கியது. இருக்கை என்ன, மலையே ஒதுக்கியதுதான், சீனர்கள் மேலே குடியிருக்கக் கூடாது என்று 1904இல் சட்டம் போட்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் எடுத்தார்கள்.

மேலே இறங்கியதும் எல்லோரும் காசு கொடுத்து மொட்டை மாடிக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். லுகார்ட் ரோடு எங்கே என்று பலகையைப் பார்த்து அதில் நடங்கள். ரோடு என்று பெயரே தவிர, சரிவில் தொங்கவிட்ட மாதிரி ஒரு நடைபாதை. ஏற்றம் இல்லை, சமதளம், வழியெல்லாம் நிழல். ஓரிடத்தில் பெரிய இந்திய ரப்பர் மரம் ஒன்று, நம் ஆலமரத்துக்குப் பங்காளி, விழுதுகளைப் பாதையின் குறுக்கே இறக்கிவிட்டு நிற்கும். இருபது நிமிடம் போனால் மரங்கள் விலகி மொத்தத் துறைமுகமும் காலுக்குக் கீழே. காலையில் நீங்கள் போன பச்சைப் படகு ஒரு தீக்குச்சி அளவில் கோடு இழுத்துக்கொண்டு போகும். நான் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு வட்டம் மூன்றரை கிலோமீட்டர், ஆற அமர ஒரு மணி நேரம்.

சூரியன் எப்போது மறைகிறது என்பதை வைத்துத்தான் மாலையைத் திட்டமிட வேண்டும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதை மேலிருந்தே பார்த்துவிட்டு நிதானமாக இறங்கி எட்டு மணிக்கு அக்கரை போய்விடலாம். ஜூன், ஜூலையில் ஏழு தாண்டித்தான் இருட்டும், மலையா டிஎஸ்டி கரையில் பார்க்கும் எட்டு மணி விளக்குக் காட்சியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலையையே தேர்ந்தெடுங்கள். இருட்டிய பிறகு இறங்கும் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை நிற்கும், அதற்கு அரை மணி கூடுதலாகக் கையில் வையுங்கள்.

இரவு

திரும்பும் படகில் இந்த முறை மேல்தளம். டிஎஸ்டி கரை நடைபாதை நெடுக உட்காரப் படிகள் உண்டு. எட்டு மணிக்குக் கட்டடங்கள் இசைக்கேற்ப விளக்கடித்துக் காட்டும், பத்து நிமிடம்தான். அதற்காக முன்கூட்டியே இடம் பிடித்து முண்டியடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆட்டம் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு, எட்டே காலுக்கு மேல், தண்ணீரில் சும்மா அசையும் நிறங்கள்தான் அழகு.

சாப்பாட்டுக்கு நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961இல் கட்டிய 17 மாடி, கீழே நாணய மாற்றுக் கடைகள், செல்போன் கடைகள், மேலே மலிவு விடுதிகள், நடுவில் நம் ஊர்ச் சாப்பாடு. பணம் மாற்றுவதானால் வாசலில் இருக்கும் முதல் கடையில் மாற்றாமல் உள்ளே நாலு பலகையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், எண்ணிப் பார்த்து வாங்குங்கள். லிஃப்ட் விஷயத்தில் கவனம்: ஏ முதல் ஈ வரை தனித்தனிப் பகுதி, ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படை மாடிக்கு ஒன்று, இரட்டைப்படை மாடிக்கு ஒன்று. தப்பான வரிசையில் நின்றால் கால் மணி போச்சு. வாசலில் கைக்கடிகாரம், கோட் சூட், ரூம் என்று நம்மைப் பார்த்ததும் மொய்ப்பார்கள், சில சமயம் தமிழிலேயே. பதில் பேசினால் பின்னாலேயே வருவார்கள், பேசாமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். ஒன்றும் பயம் இல்லை. இந்த வட்டாரத்தில் இரத்தின வியாபாரத்தில் காயல்பட்டினத்துக்காரர்கள் காலூன்றி வெகு காலமாகிறது, தெருவில் நம் பேச்சு காதில் விழுந்தால் திடுக்கிட வேண்டாம்.

தனியாக வருபவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இரவு பத்து மணிக்கும் இந்த ஊர் பயமில்லாமல் நடக்கக்கூடிய ஊர், தெருவில் ஜனம் குறைவதே இல்லை. கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்வது, தங்கும் இடத்தின் சீன முகவரியைப் படமாகச் செல்போனில் வைத்திருப்பது, பவர்பேங்க் ஒன்று, இவ்வளவு போதும். அவசரத்துக்கு 999. போட்டோ எடுத்துத் தரக் கேட்பதானால் கழுத்தில் பெரிய கேமரா தொங்கவிட்டவரைப் பார்த்துக் கேளுங்கள், தலையை வெட்டாமல் எடுப்பார். சாலை கடக்கும்போது விளக்குக் கம்பத்தின் சத்தத்தைக் கேளுங்கள்: மெதுவாகத் தட்டினால் நிற்க வேண்டும், படபடவென்று தட்டினால் போகலாம். ஒரே நாளில் காது அதற்குப் பழகிவிடும், கண் செல்போனில் இருந்தாலும் கால் நிற்கும்.

கையில் குப்பை இருந்தால் தொட்டி வரும்வரை வைத்திருங்கள், தெருவில் போட்டால் அபராதம் 3000 டாலர், அந்தக் காசில் ஸ்டார் ஃபெர்ரியில் ஒரு வருடத்துக்கு மேல் தினமும் ஒரு தடவை கடலைக் கடக்கலாம். மறுநாள் கிளம்பும்போது ஆக்டோபஸ் அட்டையை விமான நிலைய ரயில் கவுன்டரில் கொடுத்தால் மீதிக் காசும் முன்பணமும் கைக்கு வரும். நான் கொடுக்கவில்லை. பர்ஸில் இன்னும் கிடக்கிறது, முப்பத்தெட்டு டாலரோ என்னவோ அதில் பாக்கி.